பிடரியில் பறக்கும் பொறி

வலது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடிய இமையின் மேல், காதுப் பக்கத்து ஓரத்தில், விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். (கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்த விளையாட்டுக்கு வர வேண்டாம்.) மூக்குப் பக்கத்து இருட்டில் மங்கலான வளையம் ஒன்று தெரியும். விரல் நகர்ந்தால் வளையமும் நகரும். வெளியிலிருந்து ஒரு துளி வெளிச்சமும் உள்ளே போகவில்லை. போனது அழுத்தம் மட்டும்தான். ஆனால் விழித்திரைக்குத் தெரிந்தது ஒரே பாஷை. தொட்டாலும் இடித்தாலும் மின்சாரம் பாய்ச்சினாலும் அது மூளைக்கு அடிக்கும் தந்தி ஒன்றுதான்: வெளிச்சம். நியூட்டன் இளவயதில் மொட்டை ஊசி ஒன்றைக் கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே செருகி அழுத்திப் பார்த்து, தெரிந்த வட்டங்களைக் குறித்தும் வைத்திருக்கிறார். நாம் விரலோடு நிறுத்திக்கொள்வோம்.

பளார் என்று அறை வாங்கியவர் ‘கண்ணுல பொறி பறந்துச்சு’ என்கிறார். பின்மண்டையைச் சுவரில் இடித்துக்கொண்டவரும் அதையேதான் சொல்கிறார். இரண்டாமவர் கண்ணில் அடியே படவில்லை என்பதைக் கவனியுங்கள். மருத்துவர்கள் இதை பாஸ்பீன் என்பார்கள். நம்மிடம் நல்ல சொல் இருக்கும்போது கடன் எதற்கு? இந்த அத்தியாயம் முழுக்க பொறி என்றே எழுதுகிறேன். பார்வையிழந்தவர்களுக்கு மூளை வழியாகப் பார்வை தர நூறாண்டுகளாக நடக்கும் முயற்சியெல்லாம், அந்தப் பொறியை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் பறக்கவிடும் முயற்சிதான்.

வேண்டிய இடம் எது என்று தெரிய ஒரு போர் நடக்க வேண்டியிருந்தது. 1904-05இல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதின. ரஷ்யர்களின் புதுத் துப்பாக்கி ரவை சிறியது, அசுர வேகம் கொண்டது. பழைய ஈயக்குண்டு மண்டையைச் சிதறடிக்கும். இதுவோ ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் நேராக வெளியேறிவிடும். பிடரியில் குண்டடி பட்டும் பிழைத்தவர்கள் இப்படித்தான் உருவானார்கள். ததுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவருக்கு அரசு தந்த வேலை, எந்தச் சிப்பாய்க்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று அளந்து ஓய்வூதியத்துக்குக் கணக்குச் சொல்வது. அவர் அதோடு நிற்கவில்லை. ரவை நுழைந்த துளை, வெளியேறிய துளை இரண்டின் இடத்தையும் அளந்து, மூளைக்குள் அது போன பாதையைக் கணிக்க ஒரு கருவி செய்தார். அந்தப் பாதையையும் சிப்பாயின் பார்வையில் விழுந்த ஓட்டையையும் ஒப்பிட்டார். 1909இல் அவர் வெளியிட்ட நூலில், பிடரிப் பக்கத்து மூளையில் பார்வையை ஏற்கும் மேலடுக்கான பார்வைப் புறணியின் வரைபடம் இருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் நரம்பியலாளர் கார்டன் ஹோம்ஸ் அதை மேலும் திருத்தினார்.

அந்த வரைபடம் விசித்திரமானது. இடப்பக்கத்து உலகம் வலப்பக்க மூளையில். மேலே தெரிவது கீழே. பரப்பு ஒதுக்கியதில் இன்னும் பெரிய ஓரவஞ்சனை. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகம் மறைக்கும் துண்டு உலகத்துக்குப் பிடரியின் நுனியில் பெரும் நிலம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அறையின் மிச்சம் முழுவதும் மூளையின் மடிப்புகளுக்குள், அறுவை மருத்துவரின் கைக்கு எளிதில் எட்டாத இடுக்குகளில் நெருக்கியடித்துக் கிடக்கிறது.

1929இல் ஜெர்மன் மருத்துவர் ஒட்ஃபிரிட் ஃபொர்ஸ்டர், அறுவை மேசையில் விழித்திருந்த நோயாளியின் பிடரி மடலில் மின்சாரத்தால் தொட்டார். நோயாளிக்கு ஒரு பொறி தெரிந்தது. மின்முனையை நகர்த்தினால் பொறியின் இடமும் மாறியது. ஆனால் பார்வையற்ற ஒருவருக்கு நிலையாகப் பொருத்திப் பார்க்க மேலும் நாற்பதாண்டு ஆயிற்று. 1968இல் இங்கிலாந்தின் ஜைல்ஸ் பிரிண்ட்லியும் வால்போல் லெவினும், பார்வை போன 52 வயதுப் பெண் ஒருவரின் பார்வைப் புறணி மேல் 80 மின்முனைகளைப் படிய வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வானொலி வாங்கி, தலைத்தோலுக்கு அடியில். வெளியே, அந்தந்த வாங்கிக்கு நேராகச் சுருளைப் பிடித்து அலையை அனுப்பினால், கம்பி எதுவும் தோலைத் துளைக்காமல் அந்த மின்முனைக்கு மட்டும் மின்சாரம் போகும். அந்தப் பெண்ணுக்குப் பொறிகள் தெரிந்தன. ஹோம்ஸின் போர்க்கால வரைபடம் சொன்ன இடங்களில், ஏறத்தாழ.

கருவியை மேம்படுத்தினால் பார்வையற்றவர்கள் தடைகளைத் தவிர்த்து நடப்பது மட்டுமின்றி, கண்ணுள்ளவர்களின் வேகத்துக்கு ஈடாகப் படிக்கவும் கூடும் என்று பிரிண்ட்லியும் லெவினும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். மனிதன் நிலவுக்குப் போகக் கிளம்பிய காலத்து நம்பிக்கை. நிலவுக்குப் போய் வந்தாயிற்று. அந்தப் படிப்பு வேகம் இன்னும் வரவில்லை.

ஏன் என்பதற்கான விடை அதே கட்டுரைக்குள் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் எண்ணம். மார்கழி விடியலில் வாசலில் புள்ளி வைப்பவரைப் பாருங்கள். விரலிடுக்கிலிருந்து மாவு விழுந்த இடத்தில் புள்ளி நிற்கும். அடுத்த புள்ளி அதற்கு நேராக வரும். 80 புள்ளி போதாவிட்டால் 800 வைத்துக்கொள்வோம், கோலம் தன்னால் வந்துவிடும் என்று பொறியாளர் நினைப்பது இயல்பு. பிடரி அப்படிப்பட்ட வாசல் இல்லை. பிரிண்ட்லியின் மின்முனைகளில் சில ஒற்றைப் புள்ளி தந்தன. சில இரண்டு மூன்று புள்ளிகளைச் சிதறவிட்டன. சில ஒரு சின்ன மேகத்தைக் காட்டின. மின்சாரத்தைக் கூட்டினால் முதல் பொறிக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் இன்னொன்று முளைத்தது. பலமாகத் தூண்டியபோது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பொறி இரண்டு நிமிடம் வரை அணையாமல் நின்றதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பெண் கண்ணை உருட்டினால் பொறிகளும் கூடவே உருண்டன. கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் நகர்ந்தால் எப்படி இருக்கும்!

அமெரிக்கரான வில்லியம் டோபெல் அதே பாதையில் பிடிவாதமாக நடந்தார். 1978இல் ஒருவருக்குப் பொருத்திய மின்முனைகளை இருபதாண்டுகளுக்கும் மேலாக இயக்கினார். 2002இல் அமெரிக்க அனுமதிக்குக் காத்திராமல் லிஸ்பன் நகரில் பல நாட்டு நோயாளிகளுக்கு அறுவை நடந்தது. அவர்களில் ஒருவர் வாகன நிறுத்தத்தில் மெல்லக் கார் ஓட்டிக் காட்ட, அது உலகச் செய்தியானது. 2004இல் டோபெல் இறந்தார். கருவிகளைப் பராமரிக்க ஆளில்லை.

இதற்குள் வேறொரு கூட்டம் மூளையை விட்டுவிட்டுக் கண்ணுக்கே திரும்பியிருந்தது. காரணம் சரியானதுதான். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற மரபு நோயில் வெளிச்சத்தை உணரும் செல்கள்தான் சாகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்புச் செல்கள் பல காலம் பிழைத்திருக்கின்றன. விழித்திரை வெறும் படச்சுருள் இல்லை. அங்கே சுமார் 12 கோடி குச்சிச் செல்களும் 60 லட்சம் கூம்புச் செல்களும் வாங்கும் வெளிச்சம், சுமார் 10 லட்சம் இழைகளே உள்ள பார்வை நரம்புக்குள் போகிறது. அதாவது சுருக்குவது, ஒப்பிடுவது, விளிம்பைப் பிரிப்பது எல்லாம் கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. எஞ்சிய செல்களைத் தூண்டினால் அந்த வேலையில் கொஞ்சமாவது இலவசமாகக் கிடைக்கும்.

மார்க் ஹுமாயுன் உள்ளிட்ட கண் மருத்துவர்களின் ஆய்விலிருந்து பிறந்தது ‘ஆர்கஸ்’. கிரேக்கக் கதையில் ஆர்கஸ் நூறு கண் கொண்ட பூதம். கலிபோர்னியாவின் ‘செகண்ட் சைட்’ நிறுவனம் விற்ற இரண்டாம் ஆர்கஸில் இருந்தவை 60 மின்முனைகள். மூக்குக்கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, விழித்திரை மேல் ஒரு சிறு தகடு. தகட்டை நிறுத்தி வைக்கக் கண்ணின் உட்சுவரில் ஊசியளவு ஆணி. 2013 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். உலகெங்கும் 350 பேர் அளவில் பொருத்திக்கொண்டார்கள்.

அவர்களுக்கு என்ன தெரிந்தது? கதவுச் சட்டம் எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது, கறுப்பு மேசையில் வெள்ளைத் தட்டு இருக்கிறதா, எதிரே ஆள் நகர்கிறாரா, இவ்வளவு. அளந்ததில் மிகச் சிறந்த பார்வைத் திறன் 20/1260. நல்ல கண்ணுள்ளவர் 1260 அடியிலிருந்து காண்பதைக் காண இவர் 20 அடிக்கு வர வேண்டும் என்று அர்த்தம். 20/200 என்றாலே அமெரிக்கச் சட்டம் பார்வையற்றவர் என்று சான்று கொடுத்துவிடும். கேமரா கண்ணோடு திரும்பாது என்பதால், கண்ணை அசைக்காமல் தலையை மட்டும் இடவலமாக ஆட்டி உலகைத் துழாவப் பழக வேண்டும். ‘பார்வை திரும்பியது’ என்று தலைப்பு போட்ட பத்திரிகைகள் இதைச் சொல்லவில்லை. ஆனாலும், பல்லாண்டு இருட்டுக்குப் பிறகு ஜன்னல் இருக்கும் திசையாவது தெரிந்ததை அவர்களில் பலர் சிறியதாக நினைக்கவில்லை. அதைச் சிறியது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

2019இல் நிறுவனம் இந்தக் கருவியைக் கைவிட்டது. மூளையில் நேரடியாகப் பொருத்தும் அடுத்த கருவியில் கவனம் செலுத்தப் போவதாகச் சொன்னது. 2020இல் பணமில்லாமல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. ‘ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம்’ இதழ் 2022இல் வெளியிட்ட விசாரணைக் கட்டுரைதான் பொருத்திக்கொண்டவர்களின் நிலையை உலகுக்குச் சொன்னது. நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் ரயில் மாறப் போன ஒரு பெண்ணுக்கு, சில பீப் ஒலிகளோடு கருவி அணைந்துபோனது. பிறகு அது உயிர்பெறவே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தவருக்கு, கண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைப் பற்றிக் கேட்க நிறுவனத்தில் ஆள் கிடைக்கவில்லை. கைபேசி பழசானால் மேசை இழுப்பறையில் போட்டுவிடலாம். ஆணி அடித்துக் கண்ணுக்குள் வைத்ததை எங்கே போடுவது? ஜெர்மனியில் 1500க்கும் மேற்பட்ட ஒளி உணரிகள் கொண்ட சில்லைச் செய்த ‘ரெட்டினா இம்பிளான்ட்’ நிறுவனமும் 2019இல் கடையை மூடியது. ஆய்வுக்குப் பணம் தருபவர்களுக்கு, பத்தாண்டு கழித்து உதிரிப் பாகம் யார் தருவார் என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு கண்ணுக்குள்ளிருந்தே ஒரு நல்ல செய்தியும் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் டேனியல் பாலன்கர் வடிவமைத்த ‘பிரிமா’ சில்லு இரண்டு மில்லிமீட்டர் சதுரம், 30 மைக்ரான் தடிமன். முடியை விட மெல்லியது. கம்பி இல்லை, மின்கலம் இல்லை. அதிலுள்ள 378 பிக்சல்களும் தனித்தனிக் குட்டிச் சூரியத் தகடுகள். மூக்குக்கண்ணாடி காட்சியை அகச்சிவப்புக் கதிராக்கிக் கண்ணுக்குள் வீசும்; அந்தக் கதிரே படம், அதுவே மின்சாரம். படம் கண்ணுக்குள் விழுவதால் கண்ணசைவும் வீணாவதில்லை. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து போகிறவர்களுக்கானது இது. ஓரப் பார்வை அப்படியே இருக்க, நடுவில் மட்டும் இந்தச் செயற்கைத் துண்டு ஒட்டிக்கொள்கிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 38 பேருக்குப் பொருத்தினார்கள். ஓராண்டு முடிவில் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. 2025 அக்டோபரில் முடிவுகள் வெளியாயின. பெரிதாக்கிக் காட்டும் வசதியின் துணையோடு, எழுத்தெழுத்தாகக் கூட்டி, வீட்டில் படிக்கிறார்கள். தெரிவது கறுப்பு வெள்ளைதான். இந்தச் சில்லை உருவாக்கிய பாரிஸ் நிறுவனமும் நடுவில் நொடித்துப்போய், 2024இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குறுக்கீடு. இப்படி ஒரு செய்தி வந்தால், எங்கள் பாட்டிக்கு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டிக்கு இருப்பது பெரும்பாலும் கண்புரை. அதற்கு மதுரையில் ஆரோலேப் 1992 முதல் மலிவு விலையில் செய்யும் சின்ன லென்ஸ் போதும். விழித்திரைச் சில்லும் வேண்டாம், மூளையில் துளையும் வேண்டாம்.

சில்லால் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். கிளாக்கோமாவில் பார்வை நரம்பே பட்டுப்போனவர், விபத்தில் இரு கண்ணும் இழந்தவர். இவர்களுக்கு மறுபடி பிடரிதான். ஸ்பெயினின் எல்சே நகரில் எட்வர்டோ ஃபெர்னாண்டஸ் குழு, 16 ஆண்டுகளாகப் பார்வையில்லாத 57 வயது முன்னாள் ஆசிரியை ஒருவரின் பார்வைப் புறணிக்குள் முட்படுக்கை போன்ற நான்கு மில்லிமீட்டர் தகட்டைச் செருகியது. 96 முட்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம். மூளையின் மேல்பரப்போடு நில்லாமல் உள்ளே இறங்குவதால் மிகச் சிறிய மின்சாரம் போதும். பொறியும் கூர்மையாக விழும். மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட வலிப்பு வரும் அபாயம் இருப்பதால் இது சிறிய விஷயம் இல்லை. அவரால் சில எழுத்துகளையும் விளிம்புகளையும் அடையாளம் காண முடிந்தது. ஆறு மாதம் முடிந்ததும், முன்பே திட்டமிட்டிருந்தபடி, தகட்டை வெளியே எடுத்துவிட்டார்கள்.

2020இல் ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரிக் குழு செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. மின்முனைகளை ஒரே நேரத்தில் தூண்டினால் எழுத்து தெரிவதில்லை; பொறிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடுகின்றன. டேனியல் யோஷரும் மைக்கேல் பியூஷாம்பும் புள்ளிகளை விட்டுவிட்டார்கள். எழுத்தின் வளைவைத் தொடர்ந்து, ஒரு மின்முனைக்கு அடுத்து இன்னொன்று என வரிசையாகத் தூண்டினார்கள். அரிசித் தட்டில் குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பது போல மூளையின் மேல் எழுதினார்கள். பார்வையற்றவர் உடனே அந்த வடிவத்தைக் கண்டுகொண்டு வரைந்து காட்டினார். நிமிடத்துக்கு 86 வடிவங்கள் வரை. மின்முனை ஒன்றுகூடக் கூடவில்லை. எழுதும் முறை மட்டும் மாறியது.

எண்ணிக்கையே பயன்படாது என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஆண்டு நெதர்லாந்தில் பீட்டர் ரூல்ஃப்செமாவின் ஆய்வகம் குரங்குகளின் மூளையில் 1024 மின்முனைகளை வைத்து, அவை எழுத்து வடிவங்களைப் பிரித்தறிவதைக் காட்டியது. ஆனால் எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் ‘பிளைண்ட்சைட்’ என்ற தன் மூளைக் கருவியைப் பற்றிப் பேசும் தொனி வேறு. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதற்குக் கொடுத்தது, பரிசீலனையை விரைவுபடுத்தும் முன்னுரிமைத் தகுதி. விற்பனை அனுமதி என்று பலர் அதைத் தவறாகப் படித்தார்கள். தொடக்கத்தில் பழைய வீடியோ கேம் அளவுக்குத் தெரியும், பிறகு இயற்கைப் பார்வையையே மிஞ்சலாம், பிறவியிலேயே பார்வையற்றவர்களும் காணலாம் என்றார் மஸ்க். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐயோன் ஃபைனும் ஜெஃப்ரி பாய்ன்டனும் கணினியில் ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கி, 45,000 மின்முனைகளைக் கொடுத்துப் பூனை ஒன்றின் படத்தைக் காட்டிப் பார்த்தார்கள். படம் மங்கித்தான் வந்தது. பார்வைப் புறணியின் ஒவ்வொரு செல்லும் தனக்கென ஒரு இடத்தை, ஒரு சாய்வை, ஒரு விளிம்பைத் தேடுகிறது. மின்முனையோ ஆயிரக்கணக்கான செல்களைச் சேர்த்து உலுக்குகிறது.

பிறவியிலேயே பார்வையற்றவர் விஷயத்தில் இன்னொரு சங்கதி. அவர் பிடரி காலி மனையாகக் காத்திருக்கவில்லை. 2000இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், பிறவியிலேயே பார்வையற்ற, பிரெய்லி சரளமாகப் படிக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்கள். பக்கவாதத்தில் அவர் பிடரி மடல் இருபுறமும் சேதமானது. விரலில் உணர்வு குறையவில்லை; தாளில் புள்ளிகள் இருப்பது தெரிந்தது. எழுத்துதான் தெரியவில்லை. பார்க்காத மூளைப் பகுதி விரலுக்குப் படித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கே மின்முனை வைத்தால் பொறிதான் பறக்குமா, வேறு எதுவுமா? அதனால்தான் இந்தச் சோதனைகளில் முன்பு பார்த்துப் பிறகு இழந்தவர்களையே சேர்க்கிறார்கள்.

கண்ணே சரியாகிவிட்டாலும் பார்ப்பது உடனே வருவதில்லை. எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா டெல்லியில் நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிக் கண் குறையுடன் வளர்ந்த ஐந்து பிள்ளைகளை அறுவை முடிந்த கையோடு சோதித்தார்கள். கையால் தடவிய கட்டையைக் கண்ணால் பார்த்து எடுக்கச் சொன்னால், கிட்டத்தட்டக் குருட்டாம்போக்கில்தான் எடுத்தார்கள். சில நாட்களில் அது தானாகச் சரியாயிற்று. பிடரி கற்றுக்கொள்ள அவகாசம் கேட்டது.

மின்முனையே இல்லாத ஒரு வழியிலும் அதே அவகாசம்தான். பாரிஸில் ஜோசே-அலன் சாஹேலும் பாசல் நகரின் போட்டாண்ட் ரோஸ்காவும், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவால் பார்வை போன 58 வயதுக்காரர் ஒருவரின் ஒரு கண்ணில், வெளிச்சத்துக்கு அசையும் புரதத்துக்கான மரபணுவை ஊசியால் செலுத்தினார்கள். எஞ்சிய நரம்புச் செல்களே வெளிச்சம் உணரக் கற்க வேண்டும். அதற்கேற்ற செம்மஞ்சள் ஒளியைப் பாய்ச்ச ஒரு கண்ணாடியும் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி தொடங்கி ஏழு மாதம் ஆன பிறகு மாற்றம் சொன்னார். 2021இல் இதை வெளியிட்டார்கள். ஆய்வக மேசையில் நோட்டுப் புத்தகத்தையும் கோப்பையையும் அவர் தொட்டுக் காட்டியது அறிக்கையில் இருக்கிறது. ஆனால் அவர் முதலில் கண்டது அவற்றை அல்ல. கண்ணாடியோடு வெளியே நடந்தபோது, சாலையில், பாதசாரிகள் கடக்கப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளை.